கோட்டுக்குச் சொந்தக்காரர்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதும் கடிதம். முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை என் அம்மாவிடம் சொன்னேன். படுத்தபடியே கைதட்டினாள். இங்கே நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. இந்தக் கடிதத்தை மகள் பக்கத்தில் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

உங்களால் படியேற முடியாது என்பதால் ஆவணக் காப்பகத்துக்கு நான் மட்டும் போனேன். அதே மூன்றாவது மாடி, முன்பின் தெரியாத நாம் இருவரும் காத்திருந்தே அக்கா தங்கையாகிப்போன அதே ஆடுகிற பெஞ்சு. நாம் ‘நாளைக்கு வாங்க’ என்று பெயர் வைத்த அதிகாரியே இந்த முறை எழுந்து வந்து என்னை உள்ளே கூப்பிட்டார். எதிரி நாட்டிலிருந்து போர்க் கைதிகளின் முழுக் கோப்புகளும் வந்துவிட்டனவாம்.

இத்தனை வருடம் நாம் பார்த்தது உங்கள் வீட்டுக்காரருடைய கைதி அட்டையின் முன்பக்க நகலை மட்டும்தான். பெயர், படை எண், முகாம். அது வந்த நாளில் உங்களைக் கட்டிக்கொண்டு அழுதேன். உள்ளுக்குள் பொறாமையும் இருந்தது. இருவரும் ஒரே பனிமலையில் ஒரே நாளில் காணாமல் போனவர்கள். உங்கள் வீட்டுக்காரர் உயிரோடு பிடிபட்டார் என்று ஒரு தாள் சொன்னது. என் தம்பியைப் பற்றி எந்தத் தாளும் எதுவும் சொல்லவில்லை.

பின்பக்கத்தைப் படித்தேன் அக்கா. கைதி நினைவில்லாமல் கொண்டுவரப்பட்டான், கோட்டுப் பையிலிருந்த அடையாள அட்டையைப் பார்த்துப் பெயர் எழுதப்பட்டது என்று இருக்கிறது. உயரம் ஐந்தடி மூன்றங்குலம். இடது சுண்டுவிரலில் நுனி இல்லை. நினைவு திரும்பாமலே சில நாட்களில் இறந்தான். முகாம் மருத்துவமனைக்குப் பின்னால் புதைத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுக்காரர் நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்ளாமல் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்களே. விரல் நுனியை அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்துக்குக் கொடுத்தவன் என் தம்பி. எங்கள் குடும்பத்திலேயே குள்ளன் அவன்தான்.

அதிகாரி இரண்டு பேருடைய படைக் கோப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அப்போ அந்தக் கோட்டுக்குச் சொந்தக்காரர் எங்கேம்மா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே தலை குனிந்துகொண்டார். அந்தக் குளிரில் கோட்டில்லாத மனிதர் என்ன ஆகியிருப்பார் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. அவர் கழற்றிக் கொடுத்தாரா, அவர் போன பிறகு இவன் எடுத்துப் போட்டுக்கொண்டானா, தெரியாது. கொடுத்தார் என்று நினைக்கத்தான் ஆசைப்படுகிறேன். எடுத்திருந்தால் அவனை மன்னித்துவிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. புதைத்த இடத்தைத் தோண்டி எலும்புகளை அனுப்பப் போகிறார்கள். அட்டையிலுள்ள பெயர்ப்படி பெட்டி உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பேசாமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். நீங்கள் வாய்விட்டு அழுது ஒரு முடிவுக்கு வருவீர்கள், நான் ஓரமாக நின்று தம்பியை மனசுக்குள் வழியனுப்பிவிடலாம். ஆனால் அம்மா இருக்கிறாளே. அவள் உயிரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதே அவனுக்காகத்தான் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அதிகாரி என்ன சொன்னார் என்று நேற்றுக் கேட்டாள். நாளைக்கு வரச் சொன்னார் என்றேன். ஊமை கண்ட கனவாக எல்லாவற்றையும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு அவளுக்குக் கஞ்சி ஊட்டினேன்.

பெயரைத் திருத்த வேண்டுமென்றால், இறந்தவர் உங்கள் கணவர் இல்லை என்று நீங்கள் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். போட்டால் உங்களுக்கு அட்டையும் இல்லை, பெட்டியும் இல்லை. தெரிந்தேதான் கேட்கிறேன். இப்படிக் கேட்கிற என் மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

மனம் வராவிட்டால் கிழித்துவிடுங்கள். வருத்தப்பட மாட்டேன் என்று பொய் சொல்லப் போவதில்லை. ஆனாலும் நீங்கள் எனக்கு அக்காதான். பெட்டி வரும் நாளை மட்டும் எழுதுங்கள். யாருடையது என்று சொல்லாமல் அம்மாவைத் தூக்கிக்கொண்டாவது வருகிறேன். அவள் ஒருமுறை அதைத் தொடட்டும்.

நீங்களும் மகளும் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உங்கள்
தங்கை