ஐந்து தட்டா, ஆறு தட்டா

மச்சான்,

நேற்று ஹாஜரா உம்மா கடைக்கு வந்தார். அந்தச் சாட்சிக் கடிதத்தைப் பிரதி எடுக்க வேண்டுமாம். மடிப்பு மடிப்பாகப் பிரிந்து வந்த தாளின் அடியில் ஏழு எழுத்து: c41e90b. "இது என்ன வாப்பா, எறும்பு ஊர்ந்த மாதிரி?" என்றார். "அது கடுதாசிட பேர், உம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் அது முன்பு நீ எனக்குச் சொன்ன பதில் என்று உறைத்தது.

நான் கருவாடு விற்று மேலே வந்தவன். வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துப் பக்கம் கரைத்தீவில் குடியேறிய சனம், விட்டு வந்த காணிக்கு விண்ணப்பம் எழுத ஆள் தேடி அலைவதைப் பார்த்துத்தான் புத்தளத்தில் ஒன்று, சிலாபத்தில் ஒன்று என்று டைப் கடை போட்டேன். புண்ணியத்துக்கு என்று பொய் சொல்லமாட்டேன், வியாபாரம் தெரிந்தது. மன்னாரிலிருந்து வந்த அந்தச் சனத்தில் நீயும் ஒருவன். கணினி தெரிந்தவன் என்று சேர்த்துக்கொண்டேன்.

வந்தவர்கள் ஒரு தடவையோடு போவதில்லை. "வடக்கால எல்லை வேம்பு இல்ல, பனை" என்று திருத்த வருவார்கள். அடுத்த கிழமை மறுபடியும் வேம்பாகும். அதனால் எந்தத் திருத்தத்தையும் அழிக்காமல் வைத்திருக்கும் செயலி ஒன்றை எழுதினாய். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பெயர் வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போடச் சொன்னது நான்.

"ரெண்டு கடை, நடுவுல ஒழுங்கான இன்டர்நெட் லைனும் இல்ல. அடுத்த நம்பர ஆரு குடுக்கிற?" என்று கேட்டாய்.

"கடையும் என்ட, நம்பரும் என்ட. நீ எழுது" என்று வாயை அடைத்தேன்.

இரண்டு கடையும் 118ஐக் கொடுத்தன. புத்தளத்து 118, ஹாஜரா உம்மா தன் காணியில்தான் வாழ்ந்தார் என்று அவரது ஊர் மௌலவி கொடுத்த சாட்சி. சிலாபத்து 118, முன்னேஸ்வரத்தில் ஒரு கோயில் கிணற்றைத் திருத்தித் தரக் கேட்ட விண்ணப்பம். சிலாபத்துக் கடிதங்களோடு பென் ட்ரைவ் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது, ஒரே இலக்கம் என்பதால் கிணறு சாட்சியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. வாசித்துக் காட்டியதும் உம்மா சிரித்தார். "எண்ட காணிக்குள்ள கோயில் கிணறு எப்ப வந்த?" சாட்சி இனி இல்லை என்று நான் சொன்னதும் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். வேறு சாட்சி அவருக்கு இல்லை. திரும்பிப் போய்க் கேட்க மௌலவியும் உயிரோடு இல்லை.

சிலாபம் கடை மாலதி, சாட்சியின் முதல் வரைவை அங்கேதான் அடித்த ஞாபகம் என்றாள். நீயும் நானும் அங்கே போய், நாமே மௌலவி என்று அடித்து அந்தக் கணினி முழுவதும் தேடினோம். ஒன்றும் வரவில்லை.

நீ என்னைக் குத்திக் காட்டவில்லை. அது இன்னும் சுட்டது. புத்தளத்துக்கு 'பு', சிலாபத்துக்கு 'சி' என்று இலக்கத்தின் முன்னால் போடலாமே என்றேன்.

"நாளைக்குக் கடைய மாத்தினா? பேர் இருக்கிற இடத்தால வரப்படாது முதலாளி, உள்ளுக்கு இருக்கிறதால வரணும். இடத்த நம்பின எங்களப் பாத்தும் விளங்கலயா?"

கடிதத்தை எழுத்து எழுத்தாக வாசித்து, அதிலிருந்தே நாற்பது எழுத்துப் பெயரொன்றைக் கணிக்கும் முறையைக் கொண்டுவந்தாய். ஒரே கடிதத்துக்கு எந்தக் கடையிலும் ஒரே பெயர். ஒரு புள்ளி மாறினாலும் வேறு பெயர். யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை. "ரெண்டு கடுதாசிக்கு ஒரே பேர் வந்தா?" என்று மடக்கினேன். "வரவே வராது எண்டு சத்தியம் பண்ணமாட்டன். ஆனா கற்பிட்டி மணலெல்லாம் எண்ணி முடிச்சாலும் வராது." நாற்பதை யார் வாசிப்பது, தாளில் ஏழு போதும் என்றது மட்டும் என் பங்கு. அதை ஒப்புக்கொண்டாய்.

பிறகு அந்த நாள். சோதனை என்று பஸ்களை வழியில் நிறுத்திவிட்டார்கள். உம்மாவின் புதிய விண்ணப்பம் அன்றே சிலாபத்துச் சட்டத்தரணியிடம் போக வேண்டும். தொலைபேசியில் இடைவெளி முதற்கொண்டு நான் சொல்ல, மாலதி அடித்தாள். கடைசியில் ஏழு எழுத்தை வாசித்தாள். பொருந்தவில்லை. வரிக்கு வரி சரி பார்த்தோம். ஒரு பிழையும் இல்லை. பெயர் மட்டும் வேறு. வாடிக்கையாளர் முன்னிலையில் கத்தினேன். "உன்ட கணக்குத்தான் பிழை! இத நம்பி சனத்தின்ட காணிய வைக்க ஏலாது!"

நீ ரிசீவரை வாங்கினாய். "தங்கச்சி, ஒவ்வொரு சொல்லையும் பின்னால இருந்து அழிச்சு, எத்தின தட்டெண்டு சொல்லுங்க." நீயும் இங்கே அழித்து எண்ணினாய். மௌலவியில் நின்றது. நம்மிடம் ஐந்து தட்டு, அவளிடம் ஆறு. ஔகாரக் குறியை ஒரே எழுத்தாகப் போடாமல், ஒற்றைக் கொம்பும் பக்கத்தில் தனி 'ள'வுமாக அடித்திருந்தாள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் அடிக்கிறார்கள்.

என்னைத் திரும்பிப் பார்த்தாய். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. "தங்கச்சி, மௌலவி எண்டு அதே ஆறு தட்டில தேடிப் பாருங்க" என்றாய். மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு மாலதி, "முதலாளி, இருக்கு! மௌலவிட சாட்சி இருக்கு!" என்று கத்தினாள். அது தொலையவேயில்லை, நாம் வேறு சொல்லால் தேடியிருக்கிறோம்.

"மௌத்தான பொறகும் வந்து சாட்சி சொல்லிட்டார்" என்றார் பக்கத்தில் காத்திருந்த உம்மா. விண்ணப்பம் சாட்சியோடு சேர்ந்தே போனது.

இரண்டு எழுத்துக்கும் ஒரே பெயர் வரும்படி செய்துவிடு என்றேன். "பேர் வைக்கிற இடத்தில கண்ண மூடப்படாது. கடுதாசிய உள்ள எடுக்கக்குள்ளயே எழுத்தத் திருத்துவம்" என்றாய். அப்படித்தான் செய்தாய். மௌலவியின் சாட்சியையும் அப்படித் திருத்தி எடுத்து, அதன் புதுப் பெயரோடு உம்மாவுக்கு ஒரு தாள் கொடுத்தாய். கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நீ உட்காரப் புதுக் கதிரை வாங்கிப் போட்டேன். அதுதான் எனக்குத் தெரிந்த வழி.

உன் ஊருக்குப் பாதை திறந்தபோது நீ இல்லை. உன் மரண அறிவித்தலை நானே அடித்தேன். மன்னார் என்று தொடங்குவதா, கரைத்தீவு என்று தொடங்குவதா என்று நின்று, கடைசியில் உன் பெயரில் தொடங்கினேன். மௌத் என்று அடித்துவிட்டு, பின்னாலிருந்து அழித்து எண்ணினேன். நான்கு தட்டு. சரியாகத்தான் இருந்தது. திரும்ப அடிக்க வேண்டியிருந்தது, மச்சான்.

நேற்று உம்மாவின் தாளில் மை மங்கி, பிரதி எடுபடவில்லை. அவருடைய மகள் இப்போது அந்தக் காணியில் வீடு கட்டுகிறாள், கடிதம் தேவைப்படுகிறது. கடை இடம் மாறிவிட்டது, கணினி மூன்றாவது, பழைய கடிதங்கள் அதில் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே புதிதாக அடித்து, உன் செயலியிடம் கொடுத்தேன். உம்மா தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். c, 4, 1 என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன்.

"அதே பேர்தானா வாப்பா?"

"ஓம் உம்மா. அதே பேர்தான்."