காது மிஷின்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய காது மிஷின் நன்றாக வேலை செய்கிறது. கவலைப்படாதே.

நேற்று, நம் தெருவுக்குப் பின்னால் வரப்போகும் கல்குவாரி பற்றிக் கருத்துக்கேட்புக் கூட்டம். "சத்தமே வெளிய வராதுங்க," என்றார் குவாரி இன்ஜினியர். அப்பா எழுந்தார்.

"என்ன சொன்னீங்க?"

இன்ஜினியர் உரக்கச் சொன்னார். "கேக்கலையே, சார்." மூன்றாம் முறை அவர் மைக்கில் கத்த வேண்டியதாயிற்று.

"முப்பது வருஷம் குவாரியில பாறைக்குத் துளை போட்டவன் நான். எங்ககிட்டயும் அப்ப இதையேதான் சொன்னாங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது, பிறகு சட்டென்று அடங்கியது. அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். முடிவு தள்ளிப்போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்து துவைக்கச் சட்டையை எடுத்தால், பையில் உன் மிஷின். அவர் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய், "இந்த வயசுல நடிப்பு வேற," என்று முணுமுணுத்தேன்.

"காதுல விழுது," என்றார் கூடத்திலிருந்து.

இவரோடு குடித்தனம் செய்யும்,
உன் அம்மா