கிணற்றடியில் தந்த பிணை

நவம்பர் 4, செவ்வாய்

இதைக் கண்டெடுத்தவர் யாராக இருந்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன். ஒருவருக்கும் காட்ட வேண்டாம். வாசித்தது போதும் என்று மூடி, எடுத்த இடத்திலேயே, பழைய விஞ்ஞான வினாத்தாள் கட்டுக்கு நடுவில் வைத்துவிடுங்கள். அம்மாவிடம் கொடுக்க வேண்டாம். முக்கியமாக அம்மாவிடம்.

மழை. பின்னேரம் தொடங்கியது, இன்னும் விடவில்லை. கோழிக்கூட்டுத் தகரத்தில் ஒரே இரைச்சல். நான் முழித்திருப்பது அம்மாவுக்குத் தெரியாது. நல்லது.

நாளை போயா, பூரணை விடுமுறை. பள்ளிக்கூடம் இல்லை, ரியூசன் இல்லை. நீர்வேலிக்கு, தர்சி வீட்டுக்கு, விளையாட. சைக்கிளுக்குக் காற்றடிக்க வேண்டும். குடை. கணித வினாத்தாள் ஒன்று (அம்மா கேட்டால் காட்ட).

அம்மா இன்று சோறு போட்டபடியே சொன்னா. எங்களைப் பிரான்சுக்குக் கூப்பிட அப்பா போட்ட விசா அலுவல் சரிவந்துவிட்டதாம். அடுத்த கிழமை கொழும்பில், தூதரகத்தில், எங்கள் இரண்டு பேருக்கும் நேர்முகம். அதுவும் சரியென்றால் தைப்பொங்கல் பிரான்சில்.  அப்பா போகும்போது எனக்கு ஐந்து வயது. இப்போது எனக்குத் தெரிந்த அப்பா போனுக்குள் இருப்பவர். எப்போதும் நெற்றி மட்டும் பெரிதாகத் தெரியும்.

"பிளேன் ஏறுமட்டும் ஒரு சனத்துக்கும் மூச்சு விடக்கூடாது, விளங்குதோ?"

"தர்சிக்கும்?"

"ஒருத்தருக்கும் எண்டால் ஒருத்தருக்கும்தான். போன முறை பட்டது காணாதோ?"

போன முறை யாரோ தூதரகத்துக்கு மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். அம்மா அப்பாவின் மனைவியே இல்லை, பத்திரம் எல்லாம் போலி என்று. அலுவல் அப்படியே நின்றுபோனது. உண்மை என்று நிரூபித்து முடிக்க இவ்வளவு காலம். போட்டது யாரென்று தெரியாது. முன்வீட்டு மாமிதான் என்று அம்மா நினைக்கிறா. அதிலிருந்து அவவோடு கதை இல்லை. மாமி தன் படலை வாசலில் நின்றால் அம்மா கூட்டுகிற விளக்குமாறைப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவா.

ஊருக்குச் சொல்லப்போகும் கதை: அம்மாவுக்குக் கண் காட்டக் கொழும்புக்குப் போகிறோம்.

தர்சிக்குச் சொல்லாமல் இருப்பது எப்படி? முதலாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருக்கிறோம்.

நவம்பர் 5, புதன், போயா

 ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் மழை விட்டிருந்தது. நீர்வேலி வாழைத்தோட்டம் எல்லாம் வெள்ளம், ஒழுங்கையில் சைக்கிளை உருட்டித்தான் போனேன். நாலு பேர். நான், தர்சி, அவளுடைய அண்ணா கஜன், வினோ. வினோ எங்கள் வகுப்பு. தோற்றால் அன்று சாப்பிடமாட்டாள், அவ்வளவு ரோசம். கஜன் அண்ணை பல்கலைக்கழகத்தில். விளையாட்டுப் பெட்டி அவருடையது, கனடாவிலிருந்து அவர்களின் சித்தி அனுப்பியது. அதனால் விதி சொல்வதும் அவர்தான்.

விளையாட்டு இப்படி. ஒரு பெரிய தீவின் வரைபடம். நாலு நிறப் படை. ஊர் ஊராகப் பிடிக்க வேண்டும், கடைசியில் அதிக ஊர் வைத்திருப்பவர் வெற்றி. வெளிநாட்டுப் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை வெட்டி ஒட்டி எங்கள் ஊர்ப் பெயர்களை எழுதியிருக்கிறோம். என் தலைநகரம் புத்தூர். பச்சைப் படையில் பாதி தொலைந்துவிட்டதால் எனக்கு எப்போதும் புளியங்கொட்டை.

போயாவுக்குப் போயா ஒரே ஒரு ஆட்டம். காலையில் தொடங்கினால் இருட்டும் வரை. ஒரு போயாவில் செய்த துரோகத்துக்கு அடுத்த போயாவில் கட்டாயம் அடி விழும். அந்தப் பயத்தில்தான் ஒப்பந்தங்கள் நிற்கின்றன. அதோடு பிணை. இது எங்கள் விதி, பெட்டிக்குள் இல்லாத விதி. இரண்டு பேர் ஒப்பந்தம் செய்வதென்றால் கிணற்றடிக்குப் போய் ஆளுக்கொரு இரகசியம் மற்றவருக்குத் தர வேண்டும். முதலில் ஒப்பந்தத்தை முறித்தவரின் இரகசியத்தை மற்றவர் மேசையில் போட்டு உடைக்கலாம். முறிக்காதவரின் இரகசியத்தை யாரும் தொடக்கூடாது. ஒரு போதும்.

நானும் தர்சியும் கிணற்றடிக்குப் போனோம். நான் முதலில் ஒரு சின்னக் கதை சொன்னேன், இரசாயன ஆய்வுகூடத்தில் குடுவை உடைத்தது நான்தான் என்று.

"உது ஒரு பிணையோ? போன போயாவுக்கும் உப்பிடித்தான் ஒரு ஊசிப்போன கதையைத் தந்தனி. பெரிசாத் தா. இல்லாட்டி நான் வினோவோடை சேருறன்."

"பெரிசு ஒண்டும் இல்லை."

"இருக்கு. வந்த நேரம் துவக்கம் உன்ரை முகம் சரியில்லை, அபி. என்னெண்டு சொல்லு."

நான் பேசுமுன் அவளே தன்னுடையதைச் சொன்னாள். உண்மையிலேயே பெரியது. சொல்லும்போது அழுதாள். அதன் பிறகு என்னால் குடுவைக் கதையோடு நிற்க முடியவில்லை. சொன்னேன். பிரான்ஸ், நேர்முகம், எல்லாம். அவள் துலாக்கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

"எப்ப?"

"தைக்கு முதல்."

"ம்."

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"அம்மாவாணைச் சொல்லமாட்டன்."

அம்மாவாணை என்றாள்.

எனக்கு வடக்கே தர்சியின் நீலம். தாக்கமாட்டாள் என்ற ஒப்பந்தத்தை நம்பி வடக்கு எல்லையில் ஒரு புளியங்கொட்டைகூட விடவில்லை. முழுப் படையையும் தெற்கே கஜன் அண்ணையின் சிவப்புக்கு எதிராக இறக்கினேன். இரண்டு ஊர் பிடித்தேன். "உவள் இண்டைக்கு ஒரு விசர் வேகத்திலை நிக்கிறாள்" என்றார். மத்தியானம் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும். வினோ ஒரு கையால் சாப்பிட்டபடி மறுகையால் தன் மஞ்சள் படையை எண்ணிக்கொண்டே இருந்தாள், யாராவது களவெடுத்துவிடுவார்கள் என்று.

சாப்பிட்டு முடிய மீண்டும் மழை. தர்சியின் முறை. நீலப் படையை எடுத்தாள், நேரே என் வடக்குக்குள் வைத்தாள். ஒன்று, இரண்டு, பிறகு புத்தூர். வெறும் தலைநகரம். சண்டைகூடத் தேவைப்படவில்லை.

பிழையாக வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"எடியே, அது என்ரை."

"தெரியும்."

கஜன் அண்ணை விசிலடித்தார். "என்ன துணிவடி தர்சி! அடுத்த போயாவுக்கு உவள் உன்னை உயிரோடை விடுவாளே?"

தர்சி என்னைப் பார்க்கவில்லை. புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் பக்கம் தள்ளினாள்.

"அடுத்த போயாவுக்கு அவள் எங்கை இருக்கப்போறாள்? அவளும் தாயும் பிரான்சுக்கெல்லோ போயினம். ரெண்டு மாசத்திலை."

கஜன் அண்ணை வரைபடத்தை விட்டு என்னைப் பார்த்தார்.

பிறகு வினோ, "அப்ப பழிவாங்க ஆளில்லை!" என்று சிரித்தாள். உண்மையிலேயே கணக்குப் போட்டுத்தான் சிரித்தாள். உடனே தன் மஞ்சளை என் கிழக்கில் வைத்தாள்.

வாசலில் தர்சியின் அம்மா. கையில் தேத்தண்ணித் தட்டு.

"ஆர் பிள்ளை பிரான்சுக்கு?"

நான் "பகிடி அன்ரி, சும்மா விளையாட்டுக்கு" என்றேன்.  இன்னொரு முறை சொன்னேன். அவ என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, நம்பவில்லை.

தர்சியின் இரகசியம் என் வாயில் இருந்தது. அவள்தான் முறித்தாள், விதிப்படி நான் சொல்லலாம். அவளுடைய அம்மாவே முன்னால் நிற்கிறா. வாயைத் திறந்தும்விட்டேன். தர்சி அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். முகத்தில் இரத்தமே இல்லை. நான் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தேன். நாக்கு வெந்தது.

எழுந்து போயிருக்கலாம். நடுவில் எழுந்தால் அது உண்மை என்று ஆகிவிடும். அதனால் இருந்தேன். மூன்று புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு இருட்டும்வரை விளையாடினேன். பகிடிக்குச் சிரித்தேன்கூட. நீலம் வென்றது.

இனி அவள் பெயரை முழுதாக எழுதப்போவதில்லை. த. அவ்வளவுதான்.

நவம்பர் 6, வியாழன்

தூறல். சப்பாத்து காயவில்லை, ஈரத்தோடு போட்டேன்.

வினோ முதல் பாடத்திலேயே வந்தாள். "நீ போனால் அந்த யன்னல் பக்கத்து இடம் எனக்கு. இப்பவே சொல்லிப்போட்டன்."

"நான் எங்கையும் போகேல்லை."

"சரி சரி. ஆனால் யன்னல் எனக்கு."

த. இடைவேளை வரை என்னோடு கதைக்கவில்லை. ஒரே வாங்கில், நடுவில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு. பிறகு தண்ணீர்க் குழாயடிக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

"நீ என்ரை கதையை ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே?"

முதற் கேள்வி அது.

"உன்ரை அம்மா எங்கடை கதையை ஆருக்கும் சொன்னவவோ?"

"எனக்குத் தெரியாது. அபி, சொல்லிப்போடாதை. அப்பா என்னைக் கொன்றுபோடுவார்."

"அம்மாவாணை எண்டு சொன்னியேடி."

அதற்கு அவளுக்கு ஆத்திரம் வந்தது. அவளுக்கு!

"நீ எனக்கு எப்ப சொன்னனி? கூட்டாளி எண்டு சொன்னனியோ? உன்ரை வடக்குக்குக் காவல் வேணும், அதுக்காகச் சொன்னனி. நான் பிணை கேட்காட்டில் ஒருநாள் வந்து பாக்க, வீடு பூட்டிக் கிடந்திருக்கும்."

மணி அடித்துவிட்டது.  பாடம் முழுக்க யோசித்தேன். அம்மா சொல்லக்கூடாது என்றா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதுதான் இன்னும் எரிகிறது. அதற்காக என் தலைநகரத்தை எடுக்கலாம். அப்பாவை எடுக்கலாமா?

அவளுடைய இரகசியத்தை இதில்கூட எழுதமாட்டேன். பயத்தில் இல்லை. நான் முறிக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில்: மீன் குழம்பு. அம்மா கொழும்புக்கு என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மினுக்கி வைத்திருக்கிறா. அப்பா போனில், "பிள்ளைக்குக் குளிருக்குச் சட்டை பாத்து வைச்சிருக்கிறன், என்ன நிறம் விருப்பம்?" பச்சை என்றேன். பிறகு, பச்சை வேண்டாம் என்றேன். சிரித்தார்.

நவம்பர் 7, வெள்ளி

மழை இல்லை. ஒரு சத்தமும் இல்லாததால் மெதுவாக எழுதுகிறேன்.

வந்துவிட்டது. நான் பயந்தது.

பின்னேரம் அம்மா சந்திக் கடைக்குப் போனா. மரக்கறிப் பை வெறுமையாகத் திரும்பி வந்தது. வெண்டிக்காய் வாங்கப் போனவ, வாங்காமலே வந்துவிட்டா. செருப்பைக் கழற்றவில்லை. கதிரையில் இருந்தா.

"கடைக்காரன் கேக்கிறான், அக்கா, பிரான்சுக்குப் போக முதல் சொல்லிப்போட்டுப் போங்கோ எண்டு. பக்கத்திலை நாலு சனம். எல்லாரும் என்னைப் பாக்கினம்."

நான் வெறும் பையை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

"அபி, நீ ஆருக்கும் சொன்னனியோ?"

"இல்லை."

யோசிக்கவே இல்லை. தானாக வந்தது. அம்மா என்னை இரண்டாம் முறை கேட்கவும் இல்லை. அப்படியே நம்பிவிட்டா. என்னை நம்பியதும் அவவுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

"அப்ப உவள்தான். முன்வீட்டுக்காரி. கொழும்பிலை இருந்து போன் வரேக்கை நான் முற்றத்திலை நிண்டு கதைச்சனான், வேலிக்குள்ளாலை கேட்டிருப்பாள். போன முறை வாய் திறக்காமல் விட்டன். இந்த முறை விடன். நாளைக்கு விடிய, அவள் வாசல் தெளிக்க வரேக்கை, ஊர் பாக்கக் கேக்கப்போறன்."

"மாமியா இருக்காது அம்மா."

"உனக்கு என்ன தெரியும்?"

எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும். மாமி இன்று பின்னேரம்கூட வேலிக்கு மேலால் முருங்கைக்காய் நீட்டினா. அம்மா வாங்கமாட்டா என்று தெரிந்து என்னைப் பார்த்து நீட்டினா. நான் வாங்கிக் குசினியில் அடுப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

விடியற்காலை அம்மா அந்த வாசலில் நின்று கத்துவா. மாமி அழுவா. கோபத்தில் மாமி உண்மையிலேயே ஒரு கடிதம் போட்டால்? இதுவரை போடாதவகூடப் போடலாம். அப்படிப் போட்டால் அப்பா போனுக்குள்ளேயே இருப்பார். அது த. செய்தது இல்லை. நான் "இல்லை" என்று சொன்ன அந்த ஒரு சொல் செய்தது.

அம்மா படுக்கவில்லை. அறைக்குள் நடக்கும் சத்தம் கேட்கிறது. அலுமாரி திறக்கிறா, பூட்டுகிறா. பத்திரக் கட்டைச் சரிபார்க்கிறா போல, கல்யாணப் பதிவு, என் பிறப்புச் சான்றிதழ், எல்லாம்.

விடிய முதல் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது?

"அம்மா, தர்சி சொல்லிப்போட்டாள்." இது இலேசு. அம்மா நாளைக்கே நீர்வேலிக்குப் போவா. த.வின் அம்மாவிடம் கத்துவா. த. அழுவாள். எனக்கு ஒரு நிமிடம் சந்தோசமாக இருக்கும். ஓம், இருக்கும். பொய் எழுதவில்லை.

ஆனால் கிணற்றடியில் வாயைத் திறந்தது அவள் இல்லை. விளையாட்டில் ஒரு எல்லையைக் காப்பாற்ற

காலடிச் சத்தம். இந்தப் பக்கம்தான்.

தட்டுகிறா.

"பிள்ளை, ஏன் இன்னும் லைற் எரியுது? கதவைத் திற. எனக்கு நித்திரை வருகுதில்லை."

வாறன் அம்மா என்று சொல்லிவிட்டேன். மூடி வைக்க வேண்டும். முதற் சொல்லாகத் தர்சி என்று சொல்லமாட்டேன். முதற் சொல், "நான்."