தலைக்கு ஒரு குடம்

அக்கா,

இன்று காலையில் தெருக்குழாய் சீறியது. தண்ணீர் வருவதற்கு முன்னால் வெறும் காற்று வருமே, அந்தச் சத்தம். சீட்டைக் கையில் வைத்திருந்த எல்லோரும் தலையைத் தூக்கிக் குழாயைப் பார்த்தார்கள். நான் நீங்கள் உட்காரும் இடத்தைப் பார்த்தேன். நீங்கள் இருந்தால் குனிந்த தலை நிமிராமலே, "காத்துதான், ஆடுங்க" என்று சொல்லியிருப்பீர்கள். இன்று அதைச் சொல்ல ஆளில்லை. கொஞ்ச நேரம் யாருமே ஆடவில்லை.

எனக்குப் பேச வராது என்று உங்களுக்குத் தெரியும். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்து தறி வீட்டில் தார்க்குச்சியில் நூல் சுற்ற உட்கார்ந்தவள். எழுதினாலாவது சொல்ல முடிகிறதா பார்க்கிறேன்.

சீட்டு வருவதற்கு முன்னால் நம் குழாயடி எப்படி இருந்தது என்பதை நினைத்துக்கொள்கிறேன். வாரத்துக்கு ஒரு தரம் தண்ணீர் வரும், சில சமயம் அதுவும் தள்ளிப்போகும். எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் எவ்வளவு நேரம் நிற்கும் என்றும் தெரியாது. நான் விடியும்போதே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வேப்பமரத்தை ஒட்டி நிற்பேன். ஒருமுறை கண்ணைத் திருப்பிவிட்டுப் பார்த்தால் என் குடங்கள் நாலு வீட்டுக்குப் பின்னால் போயிருக்கும். யார் தள்ளினார்கள் என்று பார்த்திருப்பேன். கேட்க மாட்டேன். அரைக்குடத்தோடு வீட்டுக்குப் போனால் அம்மா தெலுங்கில் திட்டுவாள். அதற்கும் பதில் பேச மாட்டேன்.

நீங்கள் டீக்கடைக்காரர் மனைவியாகக் காரியாபட்டியிலிருந்து எங்கள் தெருவுக்கு வந்த வருஷம் சண்டை இன்னும் மோசமாக இருந்தது. ஒருநாள் பித்தளைக் குடம் பட்டுப் பேச்சியம்மா அத்தைக்கு நெற்றி பிளந்தது. அடுத்த முறை தண்ணீருக்குக் காத்திருந்தபோது கடையிலிருந்து இரண்டு கட்டுச் சீட்டைக் கொண்டுவந்து நடுவில் போட்டீர்கள்.

"இனிமே குடத்தால அடிச்சுக்கிற வேணாம். சீட்டால அடிச்சுக்கிருவோம்."

"பொம்பளைக நடுத்தெருவுல சீட்டாடவா? நல்லாருக்கும்டி," என்றார் பேச்சியம்மா அத்தை, நெற்றியில் பிளாஸ்திரியோடு.

"மண்டைய ஒடச்சுக்கிட்டது மட்டும் நல்லாருந்துச்சாக்கும்?"

அத்தைதான் முதலில் உட்கார்ந்தார்.

உங்கள் அண்ணன்மார் வீட்டில் ரம்மி ஆடும்போது அவர்களுக்குக் காப்பி கொடுக்க வந்து பின்னால் நின்று பார்த்தே ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டவர் நீங்கள். நூற்றொன்று ஆட்டம் ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான். ஒருத்தி கையில் பதின்மூன்று சீட்டும் சேர்ந்துவிட்டால் 'டிக்' என்று சொல்லி முடிப்பாள். மற்றவர்கள் கையில் சேராமல் நிற்கும் சீட்டெல்லாம் அவரவர் கணக்கில் புள்ளியாக ஏறும். நூற்றொன்றைத் தொட்டவள் வெளியே. கை மோசமாக வந்தால் ஆடாமலே கவிழ்த்துவிடலாம், அதற்கு 'ஸ்கூட்' என்று பெயர், இருபது புள்ளியோடு போகும். கடைசிவரை நிற்கிறவள் குடத்தை முதலில் வைக்கலாம் என்பது மட்டும் இருந்திருந்தால் அது சாதாரண ஆட்டமாகத்தான் இருந்திருக்கும். 'தலை' என்பதைச் சேர்த்தது நீங்கள்.

வருகிற தண்ணீரில் வீட்டுக்கு ஆறு குடம் பங்கு. ஒருத்தி வெளியேறும்போது எவள் டிக் சொன்னாளோ, அவளுக்கு வெளியேறியவளின் பங்கிலிருந்து ஒரு குடம். தலைக்கு ஒரு குடம். அதோடு விடவில்லை. வெளியேறியவள் அதற்கு முன்னால் எத்தனை தலை எடுத்துச் சேர்த்திருந்தாளோ, அந்தக் குடங்களும் சேர்ந்து போய்விடும். எடுக்க எடுக்க எடுத்தவளின் தலைக்கு மதிப்பு கூடும். எல்லோரும் அவளைத் துரத்துவார்கள்.

நான் முதலில் ஆடியது உங்களுக்கு நினைவிருக்கும். கை கொஞ்சம் மோசமாக இருந்தாலும் ஸ்கூட். மறுபடி ஸ்கூட். யாராவது என்னைப் பார்த்தாலே ஸ்கூட். கடைசி இரண்டு பேரில் ஒருத்தியாக நிற்பேன், ஆனால் ஒரு தலைகூட எடுத்திருக்க மாட்டேன். முடிவில் யாராவது என் தலையை எடுத்துக்கொண்டு போவார்கள்.

"ஏடி, நீ வெளிய போகாம இருக்கத்தான் ஆடுற," என்றீர்கள். "அது பாதி ஆட்டம்."

அடுத்த வாரம் நான் மறுபாதியை மட்டும் ஆடினேன். யார் நூறை நெருங்கினாலும் கையில் ஒன்றுமில்லாமல் துரத்தினேன். ஒரே ஆட்டத்தில் எண்பது புள்ளியோடு பிடிபட்டு எல்லோருக்கும் முன்னால் நானே வெளியே போனேன். நீங்கள் சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். பிறகு என் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டு, கூடவே நடந்து வந்து சொன்னீர்கள்.

"எம்பதத் தாண்டுனவளால ஸ்கூட் விட முடியாது. விட்டா நூத்தியொண்ணு. அப்ப அவ எந்தக் கை வந்தாலும் ஆடித்தான் ஆகணும். பயத்துல என்ன செய்வா? ராஜா, ராணி, ஜாக்கின்னு படத்தையெல்லாம் மொதல்ல வீசுவா. கையில நின்னா பத்துப் பத்தாப் புள்ளி ஏறுமில்ல. ஒனக்கு முந்தி ஆடுறவ அப்பிடி இருந்தா, நீ படத்த வச்சுக்க. அவ வீசுறது ஒனக்குத்தான். வேற பக்கம் இருந்தா அந்த ஆச வேணாம், ஒனக்கு வந்து சேராது."

எனக்கு இதை யாரும் இப்படிச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கை எழுதிப் போட்டுப் பார்த்து எழுது என்றுதான் சொன்னார்கள். எதற்காக என்று சொன்னதில்லை.

நான் கூச்சத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருப்பதை எல்லோரும் கேலி செய்வார்கள். நீங்கள் அதையும் ஆட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டீர்கள். "மூஞ்சியப் பாக்காட்டிப் போகுது. தரையில என்னென்ன விழுதுன்னு ஒன்னயத் தவுர இங்க எவளுக்குத் தெரியும்?" என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு விழுந்த சீட்டுகளை எங்கள் வீட்டுத் தெலுங்கில் வாய்க்குள் எண்ண ஆரம்பித்தேன். "ஒங்க பாஷையில எண்ணாதடி, எனக்கும் காது இருக்கு," என்று அதையும் கேலி செய்தீர்கள்.

உங்களிடம் எனக்குப் பிடித்தது இன்னொன்று. பேச்சியம்மா அத்தை ஒரு தலையை எடுத்தால் அதற்கு அடையாளமாக எடுத்து வைக்கும் கல்லைச் சேலை மடிப்புக்குள் ஒளித்துக்கொள்வார். நீங்கள் உங்கள் கற்களை முழங்காலுக்கு முன்னால் வரிசையாக வைப்பீர்கள். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். நானாக உங்களிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"தெரியட்டும். தெரிஞ்சா என்னியத்தான் தொரத்துவாக. ஆசையில கண்ட கையையும் வச்சுக்கிட்டு ஆடுவாக. நான் பாட்டுக்கு நல்ல கை வார வரைக்கும் உக்காந்துருப்பேன்."

அந்தக் கற்களைப் பார்த்துக்கொண்டு ஆடி எத்தனை பேர் உங்களிடம் தோற்றார்கள். நானும்தான்.

பிறகு அந்தப் பங்குனி வந்தது. அம்மா இடுப்பு பிடித்துப் படுத்திருந்தாள். அப்பா முதலாளியிடம் தறியில் ஏற்றப் புதுப் பாவு நூல் வாங்கி வந்திருந்தார். மறுநாள் காலையில் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் நூலைத் திருப்பி வாங்கி வேறு தறிக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். அப்படி நடந்தால் சித்திரை முழுக்க எங்கள் தறி சும்மா கிடக்கும். எங்கள் பங்குத் தண்ணீர் சோற்றுக்கும் அம்மாவுக்கும் சரியாக இருக்கும். கஞ்சிக்கு மேற்கொண்டு மூன்று குடம் வேண்டும். "பாத்து வாங்கிட்டு வாம்மா," என்றார் அப்பா, கடையில் வாங்குகிற மாதிரி.

கடைசிவரை நின்று ஜெயித்தால் மட்டும் போதாது. குடத்தை முன்னால் வைக்கலாம், அவ்வளவுதான். எனக்குத் தலைகள் வேண்டும்.

ஆறு பேரில் மூன்று பேர் போன பிறகு நீங்கள், பேச்சியம்மா அத்தை, நான். உங்கள் முழங்காலுக்கு முன்னால் இரண்டு கல். அத்தையின் மடிப்பில் ஒன்று. என்னிடம் ஒன்றுமில்லை. அத்தையின் தலை இரண்டு குடம். உங்கள் தலை மூன்று. எனக்கு வேண்டிய கணக்கு உங்கள் தலையில்தான் இருந்தது. அத்தைக்கு எண்பத்தெட்டுப் புள்ளி, உங்களுக்கு எண்பத்து நாலு. இருவருமே ஸ்கூட் விட முடியாது. எனக்கு அறுபத்திரண்டு. எனக்கு முன்னால் ஆடுகிறவர் நீங்கள். நீங்கள் வீசுவதைத்தான் நான் எடுக்க முடியும்.

கையில் பத்துச் சீட்டுச் சேர்ந்துவிட்டது. மீதி ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் ஜாக்கி, ஒரு கிளாவர் ஒன்பது. ஆர்ட்டின் ராணி ஒன்று முன்பே விழுந்து அடியில் போயிருந்தது. இன்னொன்று எங்கோ இருந்தது. ராஜாவையும் ஜாக்கியையும் வைத்திருந்து பிடிபட்டால் நானும் தொண்ணூறைத் தாண்டிவிடுவேன். அதற்குப் பிறகு ஸ்கூட் என்ற கதவு எனக்கும் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ராஜாவை வீசிவிடலாம் என்று விரல் போகும். வீசவில்லை.

நீங்கள் ஒரு சீட்டை எடுத்தீர்கள். கையைப் பார்த்தீர்கள். ஆர்ட்டின் ராணியை வீசினீர்கள்.

நான் எடுத்தேன். ஒன்பதைக் கவிழ்த்து வைத்தேன். "டிக்" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

"என்னது?" என்றார் அத்தை.

"காது கேக்கலயா ஒங்களுக்கு? டிக்குன்னுட்டா," என்றது நீங்கள்தான். உங்கள் கைச் சீட்டுகளை விரித்துப் போட்டீர்கள். சேராமல் நின்றது இன்னொரு ராணியும் ஓர் எட்டும். நூற்றிரண்டு. அத்தையும் தாண்டியிருந்தார். உங்கள் கல் இரண்டையும் என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து சேலையைத் தட்டினீர்கள்.

அன்று மத்தியானமே கடையில் தண்ணீர் தீர்ந்து டீக்கடை மூடியது. உங்கள் வீட்டுக்காரர் சத்தம் போட்டது எங்கள் வீடுவரை கேட்டது. உங்கள் பதிலும் கேட்டது. "தலைய எடுத்துட்டா. என்ன செய்யச் சொல்றீக? நீங்க வேணா வந்து ஆடுங்க."

எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் பாவுக்குக் கஞ்சி போட்டுக் காய்ந்த பிறகு உங்களிடம் வந்தேன். பாவுக்காகத்தான் அந்த ராணியை வேண்டுமென்றே விட்டீர்களா என்று கேட்டேன். உங்களுக்கு வந்த கோபத்தை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

"விட்டுக் குடுக்கணும்னா ஒரு கொடம் தண்ணியத் தூக்கி ஒங்க வீட்டுல வச்சிருப்பேன். தலையவா குடுப்பேன்? கையில ரெண்டு ராணி. ஒண்ண வீசித்தான் ஆகணும். நீ பயந்து படத்தையெல்லாம் எப்பவோ போட்டிருப்பன்னு நெனச்சேன். தப்பு என்மேல. ஒன்னய இன்னும் பழைய ஆளாவே நெனச்சுட்டேன்."

பிறகு டீ ஆற்றிக் கொடுத்தீர்கள். என்னைப் பற்றி ஒருவர் தப்பாகக் கணக்குப் போட்டதற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

அடுத்த வருஷம் உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று பஸ் நிறுத்தத்தில் என்னிடம், "நான் வார வரைக்கும் கடைக்கும் சேத்து நீயே ஆடு. அவுக வந்து ஒக்காந்தா பொம்பளைக எந்திரிச்சுப் போயிருவாக," என்றீர்கள். நீங்கள் திரும்பி வரவில்லை. கடைக்கும் சேர்த்து ஆடுவதை நான் நிறுத்தவில்லை. இரண்டு வீட்டுக்கு ஒரே கை என்றால் தலைக்கு இரண்டு குடம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். சரி என்றேன். கல் எதுவும் எடுப்பதற்கு முன்பே என் தலைதான் இப்போது குழாயடியில் பெரியது. எல்லோரும் என்னைத்தான் துரத்துகிறார்கள். எடுக்கிற கல்லை நானும் முன்னால்தான் வைக்கிறேன். பாதி நாள் கடைக்கு ஆறு குடத்துக்கு மேலேயே கிடைக்கிறது.

இன்று கிடைக்கவில்லை. காற்றுச் சத்தம் அடங்கி ஆட்டம் மறுபடி தொடங்கியதும் மூன்று கல்லோடு இருந்த என்னைப் பேச்சியம்மா அத்தை வெளியேற்றினார். நன்றாக ஆடினார். ஐந்து குடம் ஒரே டிக்கில் அவருக்குப் போனது. கற்களைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இந்தா, கடை பங்குல போன கொடத்த நீயே வச்சுக்க புள்ள. அவ கடை. மத்தியானத்தோட மூட வேணாம். பாவம்."

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் வாங்கிக்கொள் என்றார்கள். அத்தை நல்ல மனசோடுதான் சொன்னார். நான் தரையைப் பார்க்கவில்லை அக்கா. அத்தையை நேராகப் பார்த்தேன்.

"வேணாம் அத்தை. அடுத்த தண்ணிக்கு ஒங்க தலையிலருந்து எடுத்துக்கிறேன்."

பிறகு அத்தை, "எடுத்துத்தான் பாரேன்," என்று மூன்று கல்லையும் எடுத்தார். சேலை மடிப்புக்குள் வைக்கவில்லை. முன்னால் வைத்தார்.