வீட்டு எண்ணைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

ஏட்டி,

இன்று காலை எங்கள் ஸ்டுடியோவில் மைக்குக்கு மாட்டும் பஞ்சு உறையை மாற்றினார்கள். பழையதைக் குப்பைக்குக் கொண்டுபோன பெண்ணின் கையிலிருந்து அதை வாங்கி மூக்கருகே வைத்து முகர்ந்தேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கத்தான் செய்வாள். வந்து போன அத்தனை பேருடைய மூச்சும் ஊறிய பஞ்சு அது. டீ, வெற்றிலை, இருமல் மிட்டாய் எல்லாம் கலந்து கிடக்கும். கல்கத்தாவில் நம் பல்கலைக்கழக ஸ்டுடியோவுக்கு இதே வாசனைதான். "சீ, மீன் தின்ன வாயெல்லாம் இதுல வச்சிருக்காங்கட்டி" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, அடுத்த நொடியே அதே மைக்கில் உதடு படும் அளவுக்கு ஒட்டி உட்காருவாயே, அந்த நீ அப்படியே கண்முன் வந்துவிட்டாய்.

அப்பாவுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கல்கத்தாத் துறைமுகத்துக்கு மாற்றல் கிடைத்த வருடம் அது. எனக்கு வங்காளத்தில் ஒரு சொல் தெரியாது. வானொலி, தொலைக்காட்சிப் படிப்பில் சேர்ந்தால் ஆங்கிலத்தை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் வாரமே, மேசைக்கு அடியில் சிக்கிக் கிடந்த ஒயர்க் கூட்டத்தில் தலையை விட்டுக்கொண்டு, "இந்தச் சனியன் எங்கதான் போகுது" என்று முணுமுணுத்தேன். மேசைக்கு மேலே இருந்து ஒரு குரல், "ஏட்டி, நீ எந்த ஊரு?" என்றது. நிமிர்ந்த வேகத்தில் தலை மேசையில் இடித்தது. நீ சிரித்த சிரிப்புக்கு நான் அன்றே கோபித்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கே முடிந்தது?

நீ கல்கத்தாவிலேயே, லேக் கார்டன்ஸ் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரயில்வேயில் இருந்து காலமானவர். அம்மா அம்பாசமுத்திரம். உன் பேச்சில் பாதி அம்மாவுடைய தமிழ், மீதி பக்கத்து வீட்டு மாஷிமா என்ற பெரியம்மாவுடைய வங்காளம். கோபம் வந்தால் 'அட போப்பா' என்பதற்கு "தூர் பாபா!" என்பாய். குஷி வந்தால் நெல்லைத் தமிழ் பொங்கும்.

வகுப்பில் எல்லோருக்கும் தொலைக்காட்சி மேல்தான் கண். இருந்த கேமராக்களுக்கு அடிதடி. நமக்கு முறை வந்த அன்று காளிகாட்டில் படம் எடுக்கப் போனோமே! கேமரா உன் தோளில், மைக் என் கையில். கோயில் கூட்டம் நம் இருவரையும் பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போய் மெட்ரோ நிலைய வாசலில் விட்டது. அந்தக் காட்சியைத் திரையில் போட்டதும் வகுப்பே தலை சுற்றுகிறது என்று கத்தியது. நீ மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, "படத்த விடு, சத்தத்தக் கேளு! மணி, பூக்காரன், செருப்பு, எல்லாம் தனித்தனியாக் கேக்கு" என்றாய். அன்றோடு நாம் ரேடியோக் கட்சி ஆகிவிட்டோம்.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஒரு சின்ன வானொலி நிலையம்! மொட்டை மாடியில் ஒலிபரப்புக் கோபுரம் ஏறிய நாளில் நாம் இருவரும் வகுப்பை விட்டுவிட்டு வெயிலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒலி சில பேருந்து நிறுத்தங்கள் தூரம்தான் போகும் என்றார்கள். அதனால் என்ன? அந்தத் தூரத்துக்குள் லேக் மார்க்கெட்டும் அதைச் சுற்றிய தமிழ் வீடுகளும் இருந்தன. உன் வீடும் இருந்தது.

நீ அன்றே தீர்மானித்துவிட்டாய், தமிழில் ஒரு கால் மணி நேரம் வேண்டும் என்று. எதற்காக இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டேன். எப்போதும் கேலியாகவே பதில் சொல்கிறவள் அன்று கேலி செய்யவில்லை.

"எங்கம்மா கல்யாணமாகி வந்ததுல இருந்து இந்த ஊர்லதான் இருக்கா. காய்கறிக்காரன்கிட்ட பேசுத பெங்காலி மட்டுந்தான் தெரியும். நாள் பூரா ரேடியோவப் போட்டு வச்சிருப்பா. ஒண்ணும் புரியாது. வீட்டுல ஆள் சத்தம் கேக்கணும்னு போடுதா. ஒரு தடவையாவது அந்தப் பெட்டி அவகிட்ட பேசணும்ட்டி."

நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் நம் ஆசிரியை சுமிதாதி. ஆசிரியையையும் அக்கா என்று கூப்பிடுகிற ஊர் அல்லவா, பெயரோடு ஒரு 'தி' சேர்த்துவிட்டால் போதும். அவர் முடியாது என்று சொல்லவில்லை. "கேக்க ஆள் இருக்காங்களா? சோதனை ஒலிபரப்புல ஒரு ஞாயிற்றுக்கிழமை தரேன். ஃபோன் வந்தா நிகழ்ச்சி உங்களுக்கு. வரலைன்னா அந்த நேரத்தை வினாடி வினாவுக்குக் கொடுத்துடுவேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்த வாரம் நமக்குக் கால் தரையில் பாவவில்லை. லேக் மார்க்கெட்டில் காபிப்பொடிக் கடையிலும் பூக்கடையிலும் சுவரொட்டி ஒட்டினோம். கோயில் பிரசாத வரிசையில் நின்றவர்களை விடாமல் பிடித்துச் சொன்னோம். ஒரு மாமா, "யுனிவர்சிட்டில தமிழா? என்னத்துக்கு?" என்றார். "கேட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க மாமா" என்றாய். நிகழ்ச்சி என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாற்றலாகி வந்தவர்களுக்குப் பேருந்தில் பிழைத்துக்கொள்ள வங்காளம்! தொடக்க ஒலியே கண்டக்டரின் கூவல்தான். ஒரு பெண் இறங்கும்போது ஓட்டுநரை மெதுவாகப் போகச் சொல்லி அவர்கள் கூவும் "ஆஸ்தே லேடீஸ்!" அதைப் பதிவு செய்வதற்காக ஒரே பேருந்தில் ஏறி ஏறி இறங்கினோம். கடைசியில் கண்டக்டர் நம்மைப் பார்த்தாலே சிரிக்க ஆரம்பித்து, கூவல் கெட்டுப்போய், வேறு பேருந்து பிடித்தோம்.

ஞாயிறு மதியம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கலவை மேசையில் நான். புதிதாக வாங்கிய தொலைபேசியின் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. கண்டக்டர் கூவினார். நீ பேசினாய்.

எவ்வளவு நன்றாகப் பேசினாய்! சுமிதாதி ஓயாமல் சொல்வதுபோல, காகிதத்தைப் பார்க்காமல், வீட்டில் இருக்கும் ஒரே ஒரு ஆளை நினைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வதுபோல. நான் ஒலி அளவுமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பைத் தொடாமல் ஆடிக்கொண்டிருந்த அந்த முள்ளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. முடிவில், "உங்களுக்கு என்ன வேணும்னு எங்களுக்குச் சொல்லுங்க. கூப்பிடுங்க, காத்திருக்கோம்" என்று எண்ணை அழகாக, நிறுத்தி, இரண்டு முறை சொன்னாய். விளக்கு அணைந்தது. கதவைத் திறந்து ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாய். இருவரும் தொலைபேசிக்கு முன்னால் போய் உட்கார்ந்தோம்.

அது அடிக்கவே இல்லை.

ரிசீவரை எடுத்துப் பார்த்தேன், ஒலி வந்தது. வைத்தேன். நீ எடுத்துப் பார்த்தாய். சுமிதாதி வந்து பார்த்துவிட்டுப் போனார். மறுபடியும் வந்தார். வினாடி வினாக் கோஷ்டி வாசலில் நின்று எட்டிப் பார்த்தது. கடைசியில் அவர் உன் தோளில் கை வைத்து, "நல்லாத்தான் இருந்தது. ஆனா கேக்க ஆள் இல்லையே" என்றார். ஓயாமல் பேசுகிறவள் பேசாமல் நடந்தால் பக்கத்தில் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று லேக் கார்டன்ஸ் வரை தெரிந்துகொண்டேன். உன் தெருமுனையில் மட்டும், "அம்மா கேட்டிருப்பால்லா, அது போதும்" என்றாய். போதாது என்று உன் முகத்தில் எழுதியிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தால், அம்மா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, சத்தம் போடாதே என்று நம்மைக் கையால் அடக்கினார்.

"ஆமா, ரேடியோல இருந்துதான் பேசுதேன். சொல்லுங்க தாயி... சால்ட் லேக்கா? அங்க வரைக்கும் கேக்காதே? ஓ, அக்கா வீட்டுக்கு வந்தீயளா... அழாதீய, எதுக்கு அழுதீய? நாளைக்கு நம்ம வீட்டுக்கு வாங்க."

வைத்தார். உடனே அடித்தது. "ஆமா, ரேடியோதான்" என்று மறுபடி எடுத்தார்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். "எந்த நம்பர்ட்டி சொன்னேன்?" என்றாய். நான் என் மனதுக்குள் அந்த ஒலியை ஓட்டிப் பார்த்தேன். ஐயோ! வீட்டில் இருக்கும் ஒரே ஆளை நினைத்துப் பேசிக்கொண்டு வந்தவள், அதே ஓட்டத்தில் வீட்டு எண்ணையே சொல்லியிருக்கிறாய்! இரண்டு முறை! நானோ ஒலியின் அளவைத்தான் கேட்டேன், சொல்லைக் கேட்கவில்லை. தினமும் உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் மனப்பாடமான எண் ஆயிற்றே, காதுக்கு உறுத்தவே இல்லை. சுமிதாதிக்குத் தமிழ் தெரியாது.

"என்னட்டி முழிக்கிய?" என்றார் அம்மா, ரிசீவரை வைத்துவிட்டு. "நீதான நம்ம நம்பரச் சொன்ன? எம்மவ என்னைய நம்பி வேல தந்திருக்கான்னு மத்தியானத்துல இருந்து ஒரு வா தண்ணி கூட குடிக்காம பேசிட்டிருக்கேன். கூப்பிட்டதுல ஒருத்தி அம்பாசமுத்திரம்! எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி!"

நமக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆள் இருக்கிறார்கள், கேட்டிருக்கிறார்கள், ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் கதை கட்டுகிறோம் என்பார்களே. "தூர் பாபா!" என்று நீ தரையில் உட்கார்ந்த அந்த நேரத்தில் வாசல் மணி அடித்தது. சுமிதாதி. உன் முகம் வாடியதைப் பார்த்து மனது கேட்காமல் ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார்.

"உங்க ஃபோன் கெட்டுப்போச்சா? நீங்க கிளம்பினதில இருந்து அடிக்கிறேன், எங்கேஜ்ட், எங்கேஜ்ட், எங்கேஜ்ட்!"

அம்மாவுக்குக் காய்கறி வங்காளத்துக்கு மேல் வராது, சுமிதாதிக்குத் தமிழ் வராது. அம்மா தயங்கவே இல்லை. மறுபடி அடித்த ஃபோனை எடுத்து ரிசீவரை அவர் கையில் கொடுத்துவிட்டு, டீ போட அடுக்களைக்குள் போய்விட்டார். மறுமுனையில் கல்கத்தாவிலேயே வளர்ந்த ஒரு மாமி இருந்திருக்கிறார். சரளமான வங்காளத்தில், அடுத்த வாரம் எத்தனை மணிக்கு என்று சுமிதாதியையே விரட்டியிருக்கிறார். சுமிதாதி கேட்டுக்கொண்டே உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விஷயம் புரிந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வைத்ததும் மறுபடி அடித்தது. "இதையும் நானே எடுக்கிறேன்" என்றார்!

டீ குடித்து முடித்த பிறகு, "ஒவ்வொரு ஞாயிறும் உங்களுக்கு. ஆனா சரியான நம்பரைச் சொல்லணும்" என்றார். நீ அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னாய்.

"ஏன், இந்த நம்பருக்கு என்ன கொறச்சல்?" என்றார் அம்மா.

நாம் அடுத்த வாரத்திலிருந்து சரியான எண்ணைத்தான் சொன்னோம். ஊர் கேட்டால்தானே? ஸ்டுடியோவுக்குப் பாதி அழைப்பு, அம்மாவுக்குப் பாதி. சில பேர் அம்மாவிடம் பேசிவிட்டுத்தான் நிகழ்ச்சியைக் கேட்கவே உட்கார்ந்தார்கள். படிப்பு முடிந்து நான் சென்னைக்கு வந்தேன். நீ கல்கத்தாவிலேயே செக்டர் ஃபைவ் பகுதியில் ஒரு தொலைக்காட்சி அலுவலகத்தில் சேர்ந்தாய். அங்கேயும் படத்தைவிடச் சத்தத்துக்காகச் சண்டை போடுவதாகச் சொல்வாய். பிறகு போன வருடம் அந்தக் காய்ச்சல், அந்த ஆஸ்பத்திரி. அதைப் பற்றி எழுத மாட்டேன். நீ இருந்தால் "சிக்னல் வீக்கா இருக்கு, அடுத்ததுக்குப் போ" என்பாய்.

நீ இல்லாத முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அம்மாவை நான் கூப்பிடுகிறேன். உன்னைப் பற்றி இருவருமே பேசுவதில்லை. மழை, முட்டி வலி, இங்கே என்ன விலை, அங்கே என்ன விலை. போன வாரம் அவரே கேட்டார்.

"அவ குரல் உங்கிட்ட இருக்காட்டி?"

ஒலிபரப்பான எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது நிலையத்தின் விதி. முதல் ஞாயிறின் பதிவைக் குறுந்தட்டில் நகல் எடுத்து வைத்திருந்தேன். அதிலிருந்து ஒவ்வொரு புது போனுக்கும் மாற்றி மாற்றி, இத்தனை வருடம் கூடவே கொண்டுவந்திருக்கிறேன். நீ போன பிறகு ஒருமுறைகூட அதைத் தொடத் துணியவில்லை. இருக்கும்மா என்றேன். அவருக்குக் கேட்கும்படி ஓட்டிவிட்டு, வாயில் துணியை வைத்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் கூவினார். நீ பேசினாய். அந்தக் குரலில் ஒரு வாட்டம் உண்டா, ஒரு களைப்பு உண்டா! கால் மணி நேரமும் மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கூப்பிடுங்க, காத்திருக்கோம் என்றாய். எண்ணை நிறுத்தி, அழகாக, இரண்டு முறை சொன்னாய்.

அம்மா சிரித்தார். நீ போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

"பாத்தியா, இன்னைக்கும் நம்ம வீட்டு நம்பரத்தான் சொல்லுதா" என்றார். "இன்னொரு தடவ போடுட்டி."

போட்டேன்.