ஜாமெட்ரி பாக்ஸில் ஒரு மூடி

ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தால் உங்கள் வீட்டு இரும்பு பீரோவின் வாசனை வருகிறது. தையல் மிஷின் எண்ணெயும் பழைய தோலும் கலந்த வாசனை. காம்பஸுக்கும் ரப்பருக்கும் நடுவில் உன் அப்பா கேமராவின் கறுப்பு மூடி கிடக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, உள்பக்கம் பச்சை வெல்வெட் ஒட்டியது. நீ போனதிலிருந்து இதை யாருக்கும் காட்டவில்லை. நேற்று கணக்கு டீச்சர் காம்பஸ் கேட்டு என் பாக்ஸுக்குக் கை நீட்டியபோது நானே அவசரமாகக் காம்பஸை எடுத்துக் கொடுத்துப் பாக்ஸை மூடிவிட்டேன்.

அம்மா தூங்குகிறாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து சயின்ஸ் ரெக்கார்டின் கடைசித் தாள்களில் எழுதுகிறேன். யாராவது எழுந்து வந்தால் படம் வரைகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். விடிந்தால் ஞாயிறு. சாயந்திரம் உன் அப்பா குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு உன் படத்தைப் போட்டுக் காட்டப் போகிறார். அந்தப் படத்தில் நீ இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஹார்பரில் கிரேன் ஓட்டுகிற மற்றவர்கள் கப்பல்காரர்களிடம் சென்ட்டும் டேப் ரெக்கார்டரும் வாங்கி வருவார்கள். உன் அப்பா மட்டும் சாவி முடுக்கி ஓடுகிற சின்ன சினிமா கேமராக்களை வாங்கி வருவார். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் பிள்ளைகளின் பிறந்தநாளை எடுத்த கேமராக்களாம். அவற்றில் ஐந்து, கப்பலிலிருந்து வந்தவை; இரண்டு, யானைக்கவுனியில் பழைய சாமான் கடையில் கிடைத்தவை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஏழு கேமராவையும் பீரோவிலிருந்து எடுத்துப் பாயில் வரிசையாக வைத்துத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சாவி கொடுத்து ஓடவிடுவார். ஓடாமல் கிடந்தால் ஸ்பிரிங் செத்துவிடுமாம். கர்ர்ர் என்று ஏழும் கத்தும்போது உன் அம்மா மீன் கழுவிக்கொண்டே, "வூட்டுக்குள்ள எலி பூந்தா மாரி கீது" என்பார்.

கேமரா ஏழு இருந்தும் பிலிம் கிடைக்காது. எப்போதாவது காலாவதியான சுருள் ஒன்று வரும். அதனால் நீயும் நானும் ஒரு வருஷம் வெறும் கேமராவில்தான் படம் எடுத்தோம். கன்டெய்னர் லாரிகளை எடுத்தோம். குழாயடிச் சண்டையை எடுத்தோம். காசிமேட்டில் வலை உதறுகிறவரை எடுத்தபோது, "என்னிய எப்போம்மா டிவில காட்டுவாங்க?" என்று அவர் கேட்டார். "பொங்கலுக்கு" என்றாய் நீ, கொஞ்சமும் சிரிக்காமல்.

பிலிம் இல்லாவிட்டாலும் உன் அப்பாவின் சட்டத்தை மட்டும் நாம் மீறியதில்லை. "பாக்குற ஓட்ட வேற, படம் புடிக்கிற கண்ணு வேற. மூடி போட்டிருந்தாலும் உனுக்கு எல்லாம் தெரியும், அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்பார். அதனால் எதிரில் நிற்பவர் "மூடி?" என்று கேட்க வேண்டும். எடுப்பவர் "கழட்டியாச்சு" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் பொத்தானை அமுக்கலாம். வெறும் கேமராவில் அது உண்மையா என்று யார் பார்த்தார்கள்? அந்த வார்த்தை என் வாயில் தானாக வரப் பழகிவிட்டது.

பிறகு நிஜமாகவே ஒரு சுருள் வந்தது. ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் திருப்பிப் போட்டு மறுபக்கம் எடுக்கிற சுருள். முதல் பக்கம் முழுவதும் உன் அப்பா வழக்கம்போலக் கப்பல்களை எடுத்தார். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய்.

"நான் கப்பலா பொறந்திருந்தா நைனா என்னியும் எட்த்திருப்பாரு."

"நீ எங்க போவப் போற? உன்ன எப்ப வேணா எட்த்துக்கலாம்" என்று உன் அப்பா சிரித்தார். ஆனால் சுருளைத் திருப்பிப் போட்டு, கேமராவை உன் கையிலேயே கொடுத்தார். "இந்தப் பக்கம் உன்து."

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நேராக மொட்டை மாடிக்குப் போனோம். கொடியில் துணி காய்ந்தது. பின்னால் ஹார்பர் கிரேன்கள் தெரிந்தன. நீ கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாய். "இதோட எட்த்தா ஹெட்மிஸ்ட்ரஸ் மாரி கீறேன்." அதைப் பாவாடைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். நீ தள்ளிப் போய் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாய்.

"மூடி?"

நான் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். வட்டமாக ஏதோ தட்டுப்பட்டது.

"கழட்டியாச்சு."

"இன்னாடி, கை இப்டி நடுங்குது? பேயவா எட்க்கிற?"

"பல்லக் காட்டாத."

"எம் பல்லு, நான் காட்றேன். உனுக்கு இன்னா பேஜாரு?"

உன்னை நான் எவ்வளவு நன்றாகப் பார்த்தேன் தெரியுமா? ஈரப் புடவைகளுக்கு நடுவே ராணி மாதிரி நடந்து வந்தாய். ஒரு போர்வைக்குப் பின்னால் ஒளிந்து தலையை மட்டும் நீட்டினாய். ஒரு கையைக் கிரேன் மாதிரி நீட்டி, யாருடைய பக்கெட்டையோ மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்கினாய். கடைசியில் கிட்டே வந்து, கேமராவைப் பார்த்து, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து ஏதோ சொன்னாய். இந்தக் கேமராவில்தான் சத்தம் வராதே.

"இன்னா சொன்ன?"

"அது நைனாவுக்கு. படம் வந்தா அவருக்குப் புரியும்."

ஸ்பிரிங் நின்றது. சுருள் முடிந்திருந்தது. மூடியைப் போடலாம் என்று பாக்கெட்டில் கைவிட்டேன். உள்ளே உன் கண்ணாடி மட்டும்தான் இருந்தது. கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்புக் கேமராவில் கறுப்பு மூடி. முதலிலிருந்தே அது அங்கேதான் இருந்திருக்கிறது.

நீ தடவித் தடவி வந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டாய். அதற்குள் மூடியைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுவிட்டேன். "நல்லா வந்துச்சா?" என்றாய். "சூப்பரா வந்துது" என்றேன். திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ திட்டுவாய், ஒரு நாள் பேசாமல் இருப்பாய், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை நீ வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன் உதடு வெடித்திருந்தது. "படம் கழுவ அனுப்பியாச்சா?" என்று கேட்டாய். தலையாட்டினேன். உன்னிடம் நான் சொன்ன கடைசிப் பதிலும் பொய்தான். மறுநாள் காலையில் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அடக்கம் முடிந்து வந்த அன்று உன் போட்டோ ஒன்று வேண்டும் என்று தேடினார்கள். பஸ் பாஸில் இருந்தது ஒன்று, பள்ளிக்கூட குரூப் போட்டோ ஒன்று. குரூப்பில் உன் பாதி முகத்தை என் தலை மறைக்கிறது. அப்போதுதான் உன் அப்பாவுக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கேமராவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "எம் புள்ள இதுல கீறா" என்றார். நான் கதவோரம் நின்றிருந்தேன். அங்கிருந்த எல்லோரும் அழுததால் என் அழுகையை யாரும் தனியாகப் பார்க்கவில்லை.

சுருளை பம்பாயில் யாரிடமோ கழுவ அனுப்பினார். இந்த வாரம் தகர டப்பாவில் திரும்பி வந்திருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. தனியாகப் பார்க்கத் தெம்பு இல்லையாம். உன் அம்மா திரைக்காக ஒரு வெள்ளைப் போர்வையை நீலம் போட்டு மாடியில் காயப்போட்டார், அதே கொடியில். ஹார்பர் கரித்தூள் விழுந்துவிட்டது. அதை மறுபடியும் துவைத்தார்.

இன்று மத்தியானம் உன் அப்பா என்னைப் படிக்கட்டில் பார்த்தார். "நீதானேம்மா எட்த்த. நாளிக்கு முன்னாடி வந்து உக்காரு" என்றார். பிறகு, "மூடியத்தான் எங்கியோ தொலச்சிட்டா கழுத" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "பழைய பிலிம்மா. சரியா வரலன்னா என் தப்புதான். எம் பொண்ணுக்குப் போய் காலாவதியானதக் குட்த்தேன்."

நான் வாயைத் திறக்காவிட்டால் எல்லோரும் அதைத்தான் நம்புவார்கள். கப்பல்கள் வரும், அப்புறம் திரை இருட்டாகவே ஓடும், பழைய பிலிம் என்று எழுந்து போவார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மூடியைக் கடலில் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அதைத் தொலைத்தவள் நீ என்று ஆகிவிடும். கெட்ட பிலிமைக் கொடுத்தவர் அவர் என்று ஆகிவிடும். அவர் சாகிறவரை அப்படியே நினைத்துக்கொண்டிருப்பார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. நீ இருந்தால் பேயவா எழுதுற என்று கேட்பாய். அவர் அடிப்பார் என்ற பயம் இல்லை. நான் சொன்னதும் அவர் முகம் எப்படி ஆகும் என்றுதான் பயம். இருந்தாலும் காலைப் பூசை முடிந்து அவர் வீடு திரும்பியதும் போகப் போகிறேன். போர்வையைச் சுவரில் கட்டுவதற்கு முன்னால் போய்விட வேண்டும். மூடியை அவர் கையில் வைத்து, நான் கழட்டலை என்று சொல்லப் போகிறேன். பிறகு புடவைகளுக்கு நடுவே நீ நடந்ததை, போர்வைக்குப் பின்னால் ஒளிந்ததை, பக்கெட்டைத் தூக்கியதை, எதையும் விடாமல் வரிசையாகச் சொல்வேன்.

உதட்டசைவு மட்டும் சொல்லிக் காட்டுகிற விஷயம் இல்லை. அதனால் தினமும் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறேன். முதலில் உதடு இரண்டும் சேரும். பிறகு கொஞ்சம் திறக்கும். தலை இடது பக்கம் லேசாகச் சாயும். மறுபடியும் சேரும். அப்புறம் பல்லெல்லாம் தெரிகிற மாதிரி ஒரு சிரிப்பு. இப்போது உன்னைப் போலவே வருகிறது.

நாளை அவர் எதிரில் நின்று, சத்தமில்லாமல், அதைச் செய்து காட்டுவேன். நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. அவருக்குப் புரியும் என்று நீதான் சொன்னாய்.