ஆத்தாளைப் பார்க்கப் போன நாள்

தொரசானியம்மா,

நீங்கள் என்னிடம் விட்டுப்போன நோட்டை இன்றைக்கு வெயிலில் காயவைத்தேன். இத்தனை வருஷமாகியும் அட்டையை விரித்தால் அந்தக் கார்பாலிக் சோப்பு வாசம் லேசாகக் கிளம்புகிறது. உங்களைக் குளிர் நாட்டு மண்ணில் புதைத்தாயிற்று, இந்தக் கடுதாசியை வாங்க ஆளில்லை என்று தெரியும். ஆனாலும் உங்களிடம் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதல் பக்கத்தில் ‘இந்த நாட்டில் நான் முதலில் கண்டவை’ என்று தலைப்பு. இரண்டாம் உலகச் சண்டை வருவதற்கு மூன்று வருஷம் முன்னால், மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்சாகக் கம்பைநல்லூர்ப் பக்கம் வந்து இறங்கிய முதல் வாரத்தில் எழுதியது. ‘எல்லோரும் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள். நான் சாப்பிட்டதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் போய்விடுகிறார்கள்.’ இதைப் படித்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன், நீங்கள் கோபித்துக்கொண்டீர்கள். உங்கள் பேச்சை ஊராருக்கும் ஊரார் பேச்சை உங்களுக்கும் சொல்லத்தான் என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள். உங்களுக்கோ புத்தகத் தமிழ் வரும் என்ற மிதப்பு, என்னைக் கூப்பிடவே மாட்டீர்கள்.

அந்த மிதப்பில்தான் அது நடந்தது. தீர்த்தமலை அடிவாரத்திலிருந்து ஒரு குடியானவர் கால் புண்ணுக்கு மருந்து வாங்க வந்தார். “எங்க வூட்டுக்கு ஆத்தா வந்திருக்குதுங்க, சீக்கிரம் போவணும்” என்றாராம். நான் பின்கட்டில் சீசா கழுவிக்கொண்டிருந்தேன். “மிகுந்த சந்தோஷம். நானும் அவர்களைக் காண வருகிறேன்” என்று நீங்கள் சொல்ல, அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாராம்.

மறுநாள், “அவருடைய தாயாரைப் பார்க்கப் போகிறோம். என்ன கொண்டு போவது வழக்கம்?” என்று கேட்டீர்கள். பெரியவங்களைப் பாக்கறதுன்னா பழமும் பூவும் என்றேன். ஒரு சீப்பு வாழைப்பழமும் மடி நிறையச் சாமந்தியுமாக வண்டியேறினோம்.

அந்த வூட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் சொன்ன ஆத்தா மாரியாத்தா! வூட்டில் பெரியம்மை போட்டிருக்கிறது. அந்த வாசலில் வெளியாள் கால் வைக்கக் கூடாது. அம்மைக்கு மருந்து என்று பேச்செடுத்தாலே ஆத்தா கோவிச்சுக்குவா என்று, அம்மை குத்த வந்தவர்களை அந்த ஊரார் இரண்டு தரம் விரட்டியடித்திருந்தார்கள். உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் உதறிவிட்டு, “ஆத்தா எங்கே இருக்கிறார்கள்? அவர்களைக் காண வந்தேன்” என்று கணீரென்று கேட்டீர்கள்.

அந்த வூட்டுப் பொம்பளை உங்களையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு “வாங்க” என்று வழி விட்டாள்.

உள்ளே வாழையிலையில் ஆறு வயசு மாதம்மா கிடந்தாள். உடம்பெல்லாம் முத்து. இரண்டு கண்ணும் ஒட்டிப்போயிருந்தன. அம்மை கண்ணில் இறங்கிப் பார்வை போனவர்கள் அந்த ஊரிலேயே இருந்தார்கள். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். “ஆத்தா இதுதாங்க” என்றேன். உங்கள் முகம் காது வரைக்கும் சிவந்தது. ஆனால் நோய் என்ற சொல்லை நீங்கள் வாயில் எடுக்கவில்லை. பூவை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தீர்கள். “தண்ணீர் காய்ச்சித் தருவீர்களா? கண்ணைத் துடைக்க வேண்டும்” என்று மட்டும் கேட்டீர்கள்.

திரும்பும்போது வண்டியில் ஒரே புலம்பல். “வேறு தெய்வத்துக்குப் பூ வைத்தேனா? பொய் சொல்லி உள்ளே போனேனா?”

“ஆத்தாளப் பாக்க வந்தேன்னீங்க, பாத்தீங்க. இதுல பொய் எங்கங்க இருக்குது?” என்று எரிந்து விழுந்தேன்.

அம்மை இறங்கி மூன்றாம் தண்ணி ஊற்றும் வரை தினமும் போனோம். கண் பிரிந்ததும் மாதம்மா முதலில் பார்த்தது உங்கள் வெள்ளை மூஞ்சியைத்தான். அலறினாள் பாருங்கள், ஊரே கூடிவிட்டது! எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

உங்களுக்கு அதோடு மனசு ஆறவில்லை. அவள் அப்பாவிடம் போய், உங்கள் தாயார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணித்தான் வந்தேன் என்று உள்ளதைப் போட்டு உடைத்துவிட்டீர்கள். மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் இனி அம்மை குத்த விடமாட்டார், போச்சு என்று நினைத்தேன். அவரோ தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். “எங்க ஆத்தா செத்துப் பத்து வருசம் ஆவுதுங்க! அவளப் பாக்கவா பழம் வாங்கியாந்தீங்க?” சிரித்து ஓய்ந்ததும் இரண்டு பிள்ளைகளையும் அவரே இழுத்து வந்து, “குத்துங்க” என்று முன்னால் நிறுத்தினார்.

நோட்டில் நீங்கள் ‘ஆத்தா – தாய்’ என்று எழுதியதற்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டு, சரியான பொருளை என்னை எழுதச் சொன்னீர்கள். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளியே வந்துவிட்டேன்.

இன்றைக்கு மாதம்மா வந்திருந்தாள். பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள். பிரிந்து கிடந்த உங்கள் நோட்டைத் தைக்கலாம் என்று ஊசியை வைத்துக்கொண்டு நான் திணறுவதைப் பார்த்து, வாங்கி ஒரே தடவையில் நூலைக் கோத்துக் கொடுத்தாள்.

“இந்த வயசுலயும் கண்ணு இப்படித் தெரியுதேடி” என்றேன்.

“ஆத்தா குடுத்த கண்ணுங்க” என்றாள்.

எந்த ஆத்தா என்று நான் கேட்கவில்லை.